நடுவர் மரக்கட்டையா?

(பாகான் செராயில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த நாட்டில் காற்பந்து பார்த்த எல்லாருக்கும் இரண்டு சொற்கள் தெரியும். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதமில்லாமல் ஒரே தொனியில், ஒரே மூச்சில் வரும் சொற்கள் அவை. “ரெஃப்ரி காயு!” மலாய் மொழியில் காயு என்றால் மரக்கட்டை. திடலில் நடப்பது எதுவும் உறைக்காமல் கட்டையைப் போல் நிற்கிறார் நடுவர் என்பது பொருள். தேசிய ஒற்றுமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா என்று சிலர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு.

சனிக்கிழமை இரவு பாகான் செராய் சாலையோர உணவுக்கடையில் பெரிய திரையில் ஆட்டம் ஓடுகிறது. மேசையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருக்கிறது. பெனால்டி கிடைக்க வேண்டிய இடத்தில் கிடைக்கவில்லை. உடனே மூன்று குரல்கள் எழும். முதல் குரல், “அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை” என்கிறது. இரண்டாவது குரல், “பெரிய அணி என்றால் விசில் தானாகவே அந்தப் பக்கம் சாயும்” என்கிறது. மூன்றாவது குரல் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கிறது. “காசு வாங்கிவிட்டார், வேறென்ன?”

இந்த மூன்று குரல்களும் ஒன்றல்ல. முதலாவது தவறைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது சாய்வைப் பற்றிப் பேசுகிறது. மூன்றாவது சூதைப் பற்றிப் பேசுகிறது. தவறு, சாய்வு, சூது ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையை விழுங்குகிறவரைப் போல, ரசிகர் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி “காயு” என்று பெயர் வைத்துவிடுகிறார். அதனால் எந்த நோய்க்கும் மருந்து கேட்க முடியாமல் போகிறது. அந்த மூட்டையை இன்று கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

மூன்றாவது குரலிலிருந்து தொடங்குவோம். மலேசிய ரசிகர் ஏன் இவ்வளவு சீக்கிரம் காசைப் பற்றிப் பேசுகிறார்? அதற்குக் காரணம் உண்டு. சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள்.

1994-ஆம் ஆண்டில் மலேசியக் காற்பந்தை உலுக்கிய ஊழலை இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே விலைபேசிய சூதாட்டக் கும்பல்கள் அம்பலமாயின. 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டனர். சில ஆட்டக்காரர்கள் குடும்பத்தை விட்டு வேறு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டனர். நேற்றுவரை தோளில் தூக்கிக் கொண்டாடிய வீரன், காசுக்காகப் பந்தை விட்டுக்கொடுத்தான் என்று கேட்ட தலைமுறை அது. அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பற்றைக் கொடுத்தபோது, சந்தேகத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டது.

அந்த ஊழலில் பெரிதும் பேசப்பட்டவர்கள் ஆட்டக்காரர்கள்தாம். ஆனால் நடுவர்களும் விலைபோனது உண்டு. ஜெர்மனி போன்ற கட்டுப்பாடான நாட்டிலேயே ரோபர்ட் ஹொய்சர் என்ற நடுவர், சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டங்களின் போக்கை மாற்றியதை ஒப்புக்கொண்டு, 2005-ஆம் ஆண்டில் 2 ஆண்டு 5 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இத்தாலியில் 2006-ஆம் ஆண்டில் வெடித்த ஊழல் இன்னொரு வகை. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவரை நியமிப்பது என்பதிலேயே கிளப் நிர்வாகிகள் தொலைபேசியில் தலையிட்டது வெளிப்பட்டது. யுவெந்துஸ் அணி 2 லீக் பட்டங்களை இழந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

ஐரோப்பா தூரம் என்று நினைத்தால், பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் சிங்கப்பூரின் தெம்பனிஸ் ரோவர்ஸ் அணிக்கும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கும் ஆசியக் கிண்ணப் போட்டி ஒன்று நடக்கவிருந்தது. அதை நடத்தவந்த லெபனான் நடுவரும் அவருடைய இரு துணை நடுவர்களும், ஆட்டத்தை விலைபேச வந்தவர்கள் ஏற்பாடு செய்த பெண்களை லஞ்சமாக ஏற்றுக்கொண்டதற்காக ஆட்டம் தொடங்கும் முன்பே பிடிபட்டனர். மூவரும் சிறைக்குப் போயினர்.

ஆகவே ரசிகர் சந்தேகப்படுவது பைத்தியக்காரத்தனம் அல்ல. வேலியே பயிரை மேய்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஒவ்வொரு வழக்கிலும் விசாரணை இருந்தது, ஆதாரம் இருந்தது, தீர்ப்பு இருந்தது. பெனால்டி கொடுக்கவில்லை என்பது மட்டுமே ஆதாரமாகிவிடாது.

கூட்டத்தின் சத்தம் விசிலுக்குக் கேட்குமா?

இரண்டாவது குரலுக்கு வருவோம். பெரிய அணிக்கும் சொந்த ஊர் அணிக்கும் நடுவர் சாய்கிறாரா? இதற்கு ஆய்வாளர்கள் பதில் தேடியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், தகுதிபெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காணொளியில் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள், சொந்தத் திடலில் ஆடும் அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். கண்ட காட்சி ஒன்றுதான். காதில் விழுந்தது மட்டும் வேறு.

ஸ்பெயின் லீக் ஆட்டங்களை வைத்து 2005-ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, ஆட்ட இறுதியில் நடுவர் சேர்க்கும் கூடுதல் நேரத்தைக் கணக்கிட்டது. சொந்த ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் கூடுதல் நேரம் நீண்டது. அதே அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் சுருங்கியது. வேறுபாடு ஏறக்குறைய 2 நிமிடம். 2020-ஆம் ஆண்டில் கோவிட் தொற்றுக் காலத்தில் ரசிகர் இல்லாத அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தபோது, வெளியூர் அணிக்கு வழக்கமாகக் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின.

இந்த நடுவர்கள் யாரும் காசு வாங்கவில்லை. அவர்களும் மனிதர்கள். இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் கை தயங்கும், விசில் தாமதிக்கும். தாம் சாய்கிறோம் என்பது சாய்கிறவருக்கே தெரியாது. சிறிய அணியின் ரசிகர் “எங்களுக்கு மட்டும் இப்படி” என்று புலம்பும்போது அதில் உண்மை இருக்கக்கூடும். அதைச் சூது என்று சொன்னால் மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாய்வு என்று சொன்னால், கணக்கெடுத்துப் பார்த்துத் திருத்தலாம்.

நம் கண் மட்டும் நேரானதா?

இங்கே ரசிகர்களும் கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே முரட்டுத்தனமான ஓர் ஆட்டம் நடந்தது. அது அமெரிக்கக் காற்பந்து. பிறகு இரு தரப்பு மாணவர்களுக்கும் அதே ஆட்டத்தின் படச்சுருளைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்களாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படம் ஒன்று, கண்கள் வேறு.

பேராவுக்கே வருவோம். 2018 அக்டோபர் 27 இரவு, ஷா ஆலாமில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். திரெங்கானுவுடன் 3-3 என்று சமநிலை கண்டு, பெனால்டியில் 4-1 என்று பேரா வென்றது. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாகக் கிண்ணம் பேராவுக்கு வந்தது. அந்த இரவில் பேரா ரசிகர் எவராவது நடுவரைப் பற்றிப் பேசியிருப்பாரா? திரெங்கானு ரசிகரைக் கேட்டால் ஒருவேளை வேறு கதை வரும். வென்ற இரவில் நடுவர் கண்ணுக்கே தெரிவதில்லை. தோற்ற இரவில் அவரைத் தவிர வேறு யாரும் தெரிவதில்லை.

2002 உலகக் கிண்ணத்தில் தென் கொரியா இத்தாலியை வென்றபோது, ஆசியாவே ஜெயித்ததுபோல் இங்கே பலர் மகிழ்ந்தார்கள். இத்தாலியர்களோ ஈக்வடோர் நடுவர் பைரன் மொரெனோவை இன்றுவரை மன்னிக்கவில்லை. தொத்தியை வெளியேற்றிய சிவப்பு அட்டை அவர்களுக்கு அநியாயம். அதே ஆண்டில் மொரெனோ, கூடுதல் நேரம் தொடர்பான சர்ச்சை ஒன்றில் சொந்த நாட்டிலேயே 20 ஆட்டங்களுக்குத் தடை பெற்றதும் இத்தாலியரின் சந்தேகம் இறுகிப்போனது. ஆனால் அந்த உலகக் கிண்ண ஆட்டத்தை அவர் விற்றார் என்று எந்த விசாரணையும் முடிவு சொன்னதில்லை.

தவறும் அதன் அளவும்

இனி முதல் குரல். தவறு நடக்கத்தான் செய்யும். 2006 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் கிரஹாம் போல், குரோஷிய ஆட்டக்காரர் ஒருவருக்கு 3 மஞ்சள் அட்டை காட்டிய பிறகே அவரை வெளியேற்றினார். இரண்டாவது அட்டையிலேயே அவர் வெளியே போயிருக்க வேண்டும் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். 2010 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லேம்பார்ட் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர் குழு பார்க்கவில்லை. அந்தத் தவறின் பலனாகவே 2012-ஆம் ஆண்டில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி பிறந்தது.

ஆனால் ரசிகரை உண்மையில் எரிச்சலூட்டுவது இத்தகைய பெருந்தவறு அல்ல. போன வாரம் மஞ்சள் அட்டை விழுந்த அதே மோதலுக்கு, இந்த வாரம் வெறும் எச்சரிக்கை. ஒரு திடலில் பந்து கையில் பட்டால் பெனால்டி, அடுத்த திடலில் “விளையாடு” என்று கையசைப்பு. இதற்கு நடுவர் மட்டும் பொறுப்பல்ல. விதிப் புத்தகத்திலேயே பல இடங்களை நடுவரின் கருத்துக்கு விட்டிருக்கிறார்கள். கையில் பந்து படும் விதி 2019-ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டது, 2021-ஆம் ஆண்டில் மீண்டும் மாற்றப்பட்டது. மளிகைக் கடைக்காரர் தினமும் படிக்கல்லை மாற்றினால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? எடை சரியாகவே இருந்தாலும் சந்தேகம்தான் வரும்.

காணொளி வந்தும் கோபம் தீரவில்லை

2024-ஆம் ஆண்டில் தொடங்கிய பருவத்தில் மலேசிய சூப்பர் லீக்கிலும் வி.ஏ.ஆர். எனப்படும் காணொளித் துணை நடுவர் முறை வந்தது. இனிச் சண்டை ஓய்ந்தது என்று பலர் நினைத்தார்கள். ஓய்ந்ததா? இல்லை. 2018-இல் விதிகளில் சேர்க்கப்பட்டபோது அந்த முறைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டும், அதுவும் தெள்ளத்தெளிவான தவறு இருந்தால் மட்டுமே அது தலையிடலாம் என்று அப்போது வகுத்தார்கள். தெள்ளத்தெளிவு எது என்பதை முடிவு செய்வதும் மனிதர்தாம். முன்பு ஒரு நடுவரைத் திட்டினோம், இப்போது திரைக்கு முன் அமர்ந்திருப்பவரையும் சேர்த்துத் திட்டுகிறோம்.

ஆனால் இங்கேதான் ஒரு பாடம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 30 அன்று, டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ஆஃப்சைட் என்று மறுக்கப்பட்டது. அது ஆஃப்சைட் இல்லை. கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று தவறாக எண்ணிக்கொண்ட காணொளி நடுவர், “சரிபார்த்தாயிற்று” என்று சொல்லிவிட்டார். ஆட்டமும் தொடர்ந்துவிட்டது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. சில நாட்களில் நடுவர் அமைப்பு அந்த உரையாடலின் ஒலிப்பதிவை அப்படியே வெளியிட்டது. தவறு புரிந்த கணத்தில் அந்த அறையில் எழுந்த பதற்றத்தை உலகமே கேட்டது. லிவர்பூல் ரசிகருக்குப் போன புள்ளிகள் திரும்பவில்லை, கோபமும் முற்றாகத் தீரவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று ஊகிக்க வேண்டிய தேவை மறைந்தது. அது சூது அல்ல, குழப்பம் என்பதைக் காதால் கேட்டுவிட்டார்கள்.

விளக்கம் என்பது காற்பந்துக்குப் புதிதல்ல. இன்று நாம் பார்க்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளே விளக்கத்துக்காகப் பிறந்தவைதாம். 1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து, அர்ஜெந்தினா அணிகள் மோதிய ஆட்டத்தில் ஜெர்மானிய நடுவர் அர்ஜெந்தினாவின் தலைவர் ரத்தினை வெளியேறச் சொன்னார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, ரத்தினுக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஏன் என்றே விளங்காமல் ரத்தின் பல நிமிடம் திடலைவிட்டு நகரவில்லை. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், லண்டன் சாலையில் கார் ஓட்டிப்போகும்போது சமிக்ஞை விளக்கைப் பார்த்து யோசித்தார். மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரருக்கும் புரியும். 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன. பல மொழி பேசும் இந்த நாட்டுக்கு அந்தக் கதையின் அருமை சொல்லாமலே புரியும்.

எனவே ரசிகர் கேட்க வேண்டியது தவறே செய்யாத நடுவரை அல்ல. அப்படி ஒருவர் பிறக்கவில்லை. கேட்க வேண்டியது காரணத்தை. சர்ச்சைக்குரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் விதி எண்ணோடு விளக்கம் வேண்டும். தவறு என்றால் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காணொளி அறையின் உரையாடலை வெளியிட வேண்டும். நடுவர் நியமனம் எப்படி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும், ஏனெனில் இத்தாலியின் நோய் அங்கேதான் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டிலிருந்து ஃபிஃபா போட்டிகளில் நடுவரே ஒலிபெருக்கியில் முடிவை அறிவிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. உலக அரங்கில் முடிவது எல்லா லீக்கிலும் முடியும்.

கோபத்தைக் காட்டும் முறையிலும் கவனம் வேண்டும். 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 10-0 என்று தோற்ற ஆத்திரத்தில், அடுத்த ஆட்டத்தில் ஷா ஆலாமில் காற்பந்து நிர்வாகத்துக்கு எதிராகச் சிலர் புகைக்குண்டுகளையும் பட்டாசுகளையும் வீசினார்கள். சவூதி அராபியாவுடன் 2-1 என்று பின்தங்கியிருந்த ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் நிறுத்தப்பட்டது. பிறகு அது 3-0 தோல்வி என்று பதிவாயிற்று. கோபம் நியாயமானதுதான். ஆனால் அடி விழுந்தது சொந்த அணிக்கு.

பாகான் செராய் திடலில் விசில் ஊதப்போவது யார்?

நேயர்களே, கடைசியாக மிக முக்கியமான ஒன்று. பெரிய அரங்கில் விசில் ஊதுபவருக்குப் போலீஸ் பாதுகாப்பு உண்டு, காணொளி உண்டு, காதில் பேசும் கருவி உண்டு. கிரியான் மாவட்டத்தின் ஒரு திடலில், ஞாயிற்றுக்கிழமை மாலை, பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதும் பையனுக்கு என்ன உண்டு? ஒரு விசிலும் இரண்டு அட்டையும்தான். அவனைச் சுற்றிக் கோட்டருகில் நிற்கும் அப்பாக்களும் மாமாக்களும் சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்திய அதே சொற்களை அவன் முகத்துக்கு நேரே கத்துகிறார்கள். அவனுக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும். அடுத்த ஞாயிறு அவன் வருவானா?

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், மகனுடைய கிளப்புக்காகக் கோட்டு நடுவராகத் தொண்டு செய்த ஒரு தந்தையை, எதிரணியின் பதின்ம வயதுப் பையன்கள் ஆட்டம் முடிந்ததும் அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அந்தப் பையன்கள் பிறக்கும்போதே அந்தக் கோபத்தோடு பிறக்கவில்லை. திடலோரத்தில் நின்ற பெரியவர்களிடமிருந்தும் திரையிலிருந்தும் பார்த்துப் பழகியிருப்பார்கள். இங்கிலாந்தில் 2023-ஆம் ஆண்டில், அடிமட்ட ஆட்டங்களின் நடுவர்கள் நெஞ்சில் கேமராவைக் கட்டிக்கொண்டு இறங்கும் சோதனைத் திட்டமே தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு விளையாட்டுக்கு இதைவிட வெட்கம் வேறென்ன?

நல்ல நடுவர் வானத்திலிருந்து விழுவதில்லை. பெரிய அரங்கில் நிற்பவரும் முதலில் ஏதோ ஒரு சிறிய திடலில்தான் விசில் ஊதியிருப்பார். அங்கே பையன்களை விரட்டிவிட்டு, மேலே தரமான நடுவர் இல்லை என்று புலம்புவது, நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு நெல் எங்கே என்று கேட்பதற்குச் சமம். நெல் விளையும் கிரியான் மண்ணில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம்மவர்களால் முடியாததா? 1974 உலகக் கிண்ணத்தில் மூனிக் நகரில் போலந்து, ஹைத்தி அணிகள் மோதிய ஆட்டத்தை நடத்தியவர் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. 2010 தென்னாப்பிரிக்க உலகக் கிண்ணத்துக்கு மலேசியாவின் சுப்கிடின் முகமது சாலே நடுவர் குழுவில் தேர்வுபெற்றுச் சென்றார். தோட்டத்து லயங்களிலிருந்து எத்தனையோ ஆட்டக்காரர்கள் வந்த மாநிலம் பேரா. ஆட வாய்ப்புக் கிடைக்காதவன் காற்பந்தை விட்டுவிட வேண்டியதில்லை. விதிப் புத்தகத்தைப் படித்து, தேர்வு எழுதி, விசிலைக் கையில் எடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

நடுவர் என்ற சொல்லும் நடுவுநிலைமை என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. திருவள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். திடலில் நிற்பவரிடம் அந்த நடுவுநிலைமையைக் கேட்க ரசிகருக்கு முழு உரிமை உண்டு. டிக்கெட் வாங்கியவர், தொண்டை கிழியக் கத்தியவர், தோற்ற இரவில் தூங்காதவர் அவர். ஆனால் தவறைத் தவறு என்றும், சாய்வைச் சாய்வு என்றும், சூதை ஆதாரம் கிடைத்த பிறகு சூது என்றும் பிரித்துச் சொல்லும் நடுவுநிலைமை ரசிகரிடமும் இருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பலம் வரும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்த் திடலில் ஒரு பையன் விசிலோடு இறங்கினால், ஆட்டம் முடிந்ததும் அவனிடம் போய்க் கேளுங்கள்: “தம்பி, அந்த ஃபவுலை ஏன் கொடுத்தாய்?” அவன் சொல்லும் காரணத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். சரியாக இருந்தால் தோளில் தட்டிக்கொடுங்கள். தவறாக இருந்தால் பக்குவமாகச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த ஞாயிறும் அவன் வரட்டும்.